பள்ளிக்கூடச் செலவு: மே கடைசியில் டவுனுக்குப் போய் ஒரே மூச்சில் வாங்குவது லாபமா?

ஏப்ரல் 27, 2025 (பாவூர்சத்திரத்திலிருந்து ஒருவர் கேட்டது)

எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் ஏழாவது போகிறான், சின்னவள் இரண்டாவது. இரண்டு பேரும் மெட்ரிக். போன வருஷம் பீஸ் போக யூனிபார்ம், ஷூ, பை, நோட்டு என்று பதினெட்டாயிரம் ஆகிவிட்டது. மே கடைசி வாரம் திருநெல்வேலி டவுனுக்குப் போய் ஒரே நாளில் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினால்தான் லாபம், அலைச்சலும் மிச்சம் என்று நினைக்கிறேன். ரத வீதியில் எந்தக் கடை சகாயம்?

ஏப்ரல் 27, இரவு (சேரன்மகாதேவியிலிருந்து பதில்)

கடை கேட்டீர்கள், நான் தேதியில்தான் தகராறு பண்ணப்போகிறேன். மே கடைசி வாரம் ரத வீதிக்குள் நுழைகிற ஆளுக்கு எந்தக் கடையும் சகாயம் கிடையாது. உங்களுக்குப் பின்னால் இருபது பேர் நிற்கும்போது கடைக்காரர் எதற்கு விலை குறைக்க வேண்டும்? ஸ்டிக்கரைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அதே அண்ணாச்சி இப்போது ஏப்ரல் கடைசியில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து நாலு பையை இறக்கிக் காட்டுவார்.

எனக்கும் இரண்டுதான். மகள் ஆறாவது, பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளி. மகன் மூன்றாவது, மெட்ரிக். நாங்கள் இருப்பது சேரன்மகாதேவி. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், நான் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். அடுத்தவர் காசைக் கணக்கு எழுதி எழுதி எனக்கு ஒரு புத்தி வந்துவிட்டது, எந்தச் செலவைப் பார்த்தாலும் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் என்றைக்கு என்று கேட்பேன்.

பள்ளிக்கூடம் ஜூன் 2 திறக்கிறது. அன்றைக்குப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு செட் உடுப்பு, காலுக்கு ஷூ, ஒரு பை, ரெண்டு நோட்டு, பேனா பென்சில். அவ்வளவுதான். மீதி எல்லாம் டீச்சர் சொன்ன பிறகு வாங்குகிற சாமான். இதைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தூக்கிப் போடுவதில்தான் உங்கள் பதினெட்டாயிரம் இருக்கிறது.

அலைச்சல் மிச்சம் என்றீர்களே, 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. டவுன் பஸ் ஓடுகிற வழியில் நாலு தடவை போனாலும் செலவு பூஜ்யம். உங்கள் வீட்டு அம்மாவை அனுப்புங்கள், நீங்கள் வராதீர்கள், பேரம் கெட்டுவிடும்.

ஏப்ரல் 28

தையல் மட்டும் விதிவிலக்கு. அதை நேற்றே சொல்லியிருக்கலாம், தூக்கம் வந்துவிட்டது. துணி எடுத்துத் தைக்கக் கொடுப்பதாக இருந்தால் மே முதல் வாரத்துக்குள் டெய்லர் கையில் இருக்க வேண்டும். மே இருபதுக்கு மேல் கொடுத்தால் ஜூன் இரண்டாவது வாரம் வரைக்கும் "நாளைக்கு வாங்கக்கா" தான்.

துணி எடுக்கும்போது மீட்டர் விலையை மட்டும் கேட்காதீர்கள், பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று கேளுங்கள். 36 இஞ்சு பன்னாவில் மீட்டர் நூற்றிருபது என்றால் சந்தோஷப்பட்டு எடுத்துவிடுவோம். 58 இஞ்சு பன்னா மீட்டர் நூற்றெழுபதாக இருந்தாலும் அதுதான் சகாயம், ஏனென்றால் துணி குறைவாகப் பிடிக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே துணி என்றால் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் தனித்தனியாக எடுத்ததைவிட மிச்சம் விழும், அதில் ஒரு பாக்கெட்டோ காலரோ வந்துவிடும். வெட்டுத்துணியைக் கேட்டு வாங்கி வையுங்கள். முழங்கால் கிழிந்தால் ஒட்டுப்போட வேறு எங்கே அதே நிறம் கிடைக்கும்?

ஏப்ரல் 30

உள்ளே மடிப்பு விட்டுத் தைத்தால் ரெண்டு வருஷம் ஓட்டலாமே என்று வீரவநல்லூர்க்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டலாம். ஆனால் நேவி ப்ளூவில் ஓட்ட முடியாது. வருஷம் முழுக்க வெயிலில் காய்ந்து வெளியே உள்ள துணி வெளுத்திருக்கும், மடிப்பைப் பிரித்து இறக்கினால் அடியில் ஒரு கறுத்த பட்டை தெரியும். பையன் பார்க்க மாட்டான், பொம்பளைப் பிள்ளை பார்த்த உடனே அழும். சந்தன நிறம், சாம்பல் நிறத்தில் அவ்வளவாகத் தெரியாது. துணியை உள்பக்கம் வெளியே வரும்படி நிழலில் காயப்போட்டால் கொஞ்சம் தாங்கும்.

சட்டைக்கு மடிப்பெல்லாம் வேலைக்கு ஆகாது. நீளம் பத்தும், தோள் பத்தாது.

மே 2

"என்றைக்கு" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஆலங்குளத்துத் தம்பி ஒருவர் "கையில் காசு இருந்தா ஏப்ரல்லயே வாங்கிருவோம்லா, இல்லாமத்தான மே கடைசி" என்று கேட்டிருக்கிறார். அது நூற்றுக்கு நூறு நியாயம்.

எங்கள் பக்கம் ஜூன் மாதத்தின் கொடுமை என்னவென்றால், அந்த மாதம்தான் காசு உள்ளே வராது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுத்து மாசி, பங்குனியோடு நெல்லுக் காசு வந்து, கடன் கொடுத்து, கோயில் கொடை, கல்யாணம் என்று வைகாசிக்குள் கரைந்துவிடும். ஜூன் பிறந்தால் பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பார்களா என்று பார்த்து கார் நெல் சாகுபடிக்கு விதை, உழவு, நடவுக்கூலி. அதே வாரம் பள்ளிக்கூடம். ஒரே பையிலிருந்து இரண்டு கையும் எடுத்தால் என்ன ஆகும், வளையல் அடகுக்குக் கூட்டுறவு சங்கத்துக்குப் போகும். எங்கள் மில்லுக்கு வருகிற சம்சாரிகள் (விவசாயிகள்) பாதிப் பேர் ஜூனில் நகைக்கடன் பேச்சுத்தான் பேசுவார்கள்.

எங்கள் மைனி (அண்ணி) முக்கூடலில் பீடி சுற்றுகிறாள். வாரக்கூலி. வாரக்கூலிக்காரருக்கு மொத்தமாக வாங்குவது என்பதே கிடையாது, அவள் நோட்டை ரெண்டு ரெண்டாகத்தான் வாங்குவாள். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அவள் வீட்டில்தான் எழுதாத நோட்டு மீதி இல்லை.

மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வருகிறவர்கள் அதை ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு, போடுங்கள் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். நல்லதுதான், ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி ஐந்து வருஷத்துக்கு. பள்ளிக்கூடச் செலவுக்கு அது சரிப்படாது, மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிக்கவும் முடியாது. பேங்கில் குறைந்த மாதங்களுக்கும் போடுவார்கள். ஜூனில் பன்னிரண்டு மாதத்துக்குத் தொடங்கினால் அடுத்த ஜூனில்தான் கைக்கு வரும், அதற்குள் டெய்லர் கதவை மூடிவிடுவார். ஆகஸ்டில் ஒன்பது மாதத்துக்குத் தொடங்குங்கள், மே மாதம் ஒன்பதாயிரமும் வட்டியும் சரியாக வந்து நிற்கும்.

மே 5

டெய்லரிடம் துணி கொடுத்தாயிற்று. "பதினஞ்சாம் தேதி" என்றார். எந்த மாதம் என்று கேட்டேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

மே 9

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பெற்றோர் இங்கே யாரும் பேசவே இல்லை, அவர்களும் டவுனில் பை வாங்கி நிற்பதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். பாடநூல், நோட்டு, பை, செருப்பு அல்லது ஷூ, ஜியோமெட்ரி பாக்ஸ், கலர் பென்சில், அட்லஸ் என்று வகுப்புக்குத் தக்கபடி பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்கள். எட்டாவது வரை சத்துணவில் பெயர் இருக்கிற பிள்ளைகளுக்கு நாலு செட் சீருடை. சத்துணவில் பெயர் கொடுப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து விட்டுவிட்டு, அப்புறம் கடையில் போய் நாலு செட் தைப்பவர்களை என்ன சொல்ல. இதில் என்ன கௌரவம் இருக்கிறது?

சரி, அதில் உள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். நாலு செட்டும் ஒரே நாளில் கைக்கு வராது, தவணையாகத்தான் வரும். அளவு சில சமயம் மகளுக்கு வந்தது அவள் அத்தைக்குப் பத்தும். ஐம்பது ரூபாய் கொடுத்தால் தெரு டெய்லர் பிடித்துக் கொடுத்துவிடுவார். அதனால் நான் மகளுக்கு ஒரு செட் மட்டும் கையில் இருக்கும்படி தைப்பேன், பையும் நோட்டும் தொடவே மாட்டேன். வந்த பை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். பிடிக்காமல் போனதும் உண்டு, அந்தப் பையில் இப்போது ரேஷன் அரிசி வருகிறது.

பஸ் பாஸ் இன்னும் வரவில்லையே, முதல் மாதம் டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று கேட்ட நாங்குநேரி அக்காவுக்கு: வேண்டாம். புது பாஸ் வரும்வரை சீருடையோ பழைய பாஸோ போதும் என்று ஒவ்வொரு ஜூனிலும் போக்குவரத்துத் துறை சொல்கிறது. கண்டக்டர் கேட்டால் பிள்ளை பயப்படாமல் சொல்லப் பழக்குங்கள்.

மே 14

நோட்டு.

இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பேச வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் விற்கிற நோட்டில் பெரும் பங்கு சிவகாசியில் கோடு போட்டு, தைத்து, அட்டை ஒட்டி வருவது. சிவகாசி இங்கிருந்து ஒரு நூறு கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து நேராக எடுக்கிற மொத்தக் கடையில் டஜன் கணக்கில் வாங்கினால் குறையும், உண்மைதான். ஆனால் டஜன் எதில் வாங்குவீர்கள்? மூன்றாம் வகுப்புக்குத் தமிழுக்கு ரெண்டு கோடு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு, கணக்குக்குக் கட்டம் போட்டது, படம் வரைய கோடு இல்லாதது. ஆறாவதில் எல்லாம் ஒரே கோடு, ஆனால் அறிவியலுக்கு ஒரு பக்கம் கோடு ஒரு பக்கம் வெள்ளை கேட்பார்கள். சில டீச்சர் 80 பக்கம் என்பார், சிலர் 192. இதெல்லாம் ஜூன் முதல் வாரம் தெரிகிற விஷயம், மே மாதம் நாம் ஜோசியம்தான் பார்க்கிறோம்.

அதைவிட முக்கியம், 2012-13லிருந்து கீழ் வகுப்புகளுக்கு முப்பருவ முறை. புத்தகமே மூன்று துண்டாக வருகிறது. ஜூனில் முதல் பருவம், காலாண்டுக்கு அப்புறம் இரண்டாவது, அரையாண்டு முடிந்து மூன்றாவது. புத்தகமே மூன்று தடவையாக வரும்போது நோட்டை மட்டும் ஏன் ஜூனிலேயே வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி அலமாரியில் கரப்பானுக்கு வைக்க வேண்டும்? பள்ளிக்கூடப் பைக்கு ஒரு கணக்கு உண்டு, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று 2020 பள்ளிப்பை கொள்கையில் இருக்கிறது. என் மகன் 24 கிலோ. பை ரெண்டு கிலோ நானூறு கிராமுக்குள் இருக்க வேண்டும். கடையில் சக்கரம் வைத்த பை ஒன்று காட்டினார்கள், காலிப் பையே அந்த எடையில் முக்கால்வாசி இருந்தது.

பாடப்புத்தகம் பற்றியும் கேட்டிருந்தார்கள். மெட்ரிக்கிலும் சமச்சீர்ப் புத்தகம்தான் (அரசுப் பாடநூல்) என்றால் பழைய புத்தகம் தாராளமாக வாங்கலாம். இப்போது உள்ள பாடத்திட்டம் 2018-19, 2019-20 இரண்டு வருஷத்தில் எல்லா வகுப்புக்கும் வந்தது. அடுத்தடுத்த அச்சில் அங்கங்கே மாற்றம் இருக்கும், பாடநூல் கழகம் பிடிஎஃப் இலவசமாகவே போட்டிருக்கிறது, ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம். சின்ன வகுப்புக்குத் தனியார் பதிப்பகப் புத்தகம் வைக்கிற பள்ளியில் இந்தப் பாச்சா பலிக்காது. அதில் பாதிப் பக்கம் பிள்ளையே எழுதி நிரப்புகிற மாதிரி அச்சடித்திருப்பார்கள், தம்பிக்கு ஆகாது.

மே 15

பென்சிலில் நடராஜா அப்சராவா என்று ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. ரெண்டும் ஒரே கம்பெனிதான், ஹிந்துஸ்தான் பென்சில்ஸ். சண்டையை முடித்துக்கொண்டு பிள்ளைக்குக் கட்டர் வாங்கிக் கொடுங்கள், தொலைவது அதுதான்.

மே 19

டவுனுக்குப் போய் வந்தேன். மகனுக்கு பை, ஷூ, மகளுக்கு சாக்ஸ். ரத வீதியில் இன்னும் கூட்டம் ஏறவில்லை, நின்று பேச இடம் இருந்தது. பைக்கு நான் பார்ப்பது ரெண்டுதான். தோள்பட்டை வார் பையோடு சேருகிற இடத்தில் குறுக்குத் தையல் இருக்கிறதா, ஜிப்பின் ரன்னர் பெரியதா. ரன்னர் சின்னதாக இருந்தால் பொங்கலுக்குள் பல்லைக் காட்டிவிடும். படம் போட்ட பைக்கும் படம் இல்லாத பைக்கும் நூற்றைம்பது ரூபாய் வித்தியாசம் சொன்னார், துணி ஒன்றுதான். மகன் படம் போட்டதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அடுத்த வருஷமும் இதே பைதான், சம்மதமா என்று கேட்டேன், சம்மதம் என்றான். ஏழு வயதுக்காரன் வாக்கு, கோர்ட்டில் நிற்காது.

பேரம் பேசி மிச்சப்படுத்திய இருநூற்றி எண்பதில் அரைக்கிலோ அல்வா வாங்கினேன். வீட்டு நோட்டில் "தையல் கூலி, இதர" என்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரர் இதைப் படிப்பதில்லை.

மே 26

மழை இந்த வருஷம் 24ஆம் தேதியே கேரளாவுக்கு வந்துவிட்டது, குற்றாலத்தில் சாரல் என்று செய்தி. பாவூர்சத்திரம் அண்ணாச்சி, உங்கள் பக்கம் செங்கோட்டைக் கணவாய்க் காற்றும் சாரலும் ஒன்றாக வரும், பாளையங்கோட்டையில் அதே நேரம் வெறும் தூசிக் காற்று. ஆகவே எங்கள் ஊர் ஆள் ஷூ பற்றி எதைச் சொன்னாலும் உங்களுக்கு முழுக்கப் பொருந்தாது. துணி ஷூ நனைந்தால் சாரல் காலத்தில் காய ரெண்டு நாள் ஆகும். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், பிள்ளைக்கு மழைக்கோட்டுதான் சரி. பைக்குள் ஒரு கெட்டியான பாலிதீன் கவர் போட்டு அதற்குள் நோட்டை வைத்துவிடுங்கள், பைக்குத் தனியாக உறை விற்கிறார்களே, அது வேண்டாம்.

ஜூன் 4

திறந்து மூன்றாவது நாள், எதிர்பார்த்தபடியே பட்டியல் வந்தது. மகன் பள்ளியில் நோட்டு முழுவதும் பள்ளிக்கூடத்திலேயே வாங்க வேண்டும், பெயர் அச்சடித்த அட்டையோடு. வெளியே நாற்பது ரூபாய்க்கு விற்கிற நோட்டு அங்கே அறுபது. போய்க் கேட்டேன், "எல்லாப் பிள்ளைங்களும் ஒரே மாதிரி இருக்கணும்லா" என்று பதில். இருபது ரூபாயில் என்ன சமத்துவம் என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். இப்போதைக்கு முதல் பருவத்துக்கு மட்டும் கொடுங்கள் என்றேன், முதலில் முழு செட் என்றார்கள், நாலைந்து அம்மாமார்கள் சேர்ந்து நின்றதும் பிரித்துக் கொடுத்தார்கள். தனியாகப் போனால் நடக்காது, சேர்ந்து போங்கள்.

வள்ளியூரிலிருந்து ஒருவர், மே மாதமே ரெண்டு டஜன் வாங்கிவிட்டேனே, எங்கள் பள்ளியிலும் இதே கதை என்று எழுதியிருக்கிறார். பில் இருந்தால் அட்டை அழுக்காகாமல் கொண்டு போங்கள், ஜூன் முதல் வாரத்தில் கடைக்காரர் மாற்றிக்கொள்வார், அவருக்கு இப்போது சரக்கு வேண்டும். ஜூலையில் போனால் முகம் கொடுக்க மாட்டார்.

ஜூன் 5

டெய்லர் கொடுத்துவிட்டார். நேற்று.

ஜூலை 28

ஆடித் தள்ளுபடியில் அடுத்த வருஷ உடுப்பை இப்போதே எடுக்கலாமா என்ற கேள்விக்கு: பனியன், ஜட்டி, சாக்ஸ், துண்டு, ஒரு அளவு பெரியதாக எடுங்கள். யூனிபார்ம் துணி வேண்டாம், பள்ளிகள் நிறத்தை மாற்றுவது உண்டு. ஷூ வேண்டவே வேண்டாம், கால் எவ்வளவு வளரும் என்று யாருக்கும் தெரியாது.

பீடி சுற்றுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை இருக்கிறது. ஒன்றிலிருந்து நாலாவது வரை வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய், மேல் வகுப்புக்குக் கூடும். தேசிய உதவித்தொகை தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும், பீடித் தொழிலாளர் அட்டை, ஆதார் இணைத்த பேங்க் கணக்கு இரண்டும் கையில் இருக்கட்டும். மைனி மகனுக்கு நான்தான் போட்டுக்கொடுத்தேன். பணம் ஜூனில் வராது, அதை நம்பி ஜூன் செலவு செய்யாதீர்கள். வருகிற அன்றைக்கு அடுத்த ஜூனுக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். "நீ சொல்லுதது சரிதான், அதுக்குள்ள என்னென்ன வருதோ" என்றாள்.

செப்டம்பர் 24

இந்தக் கேள்வி பதில் இழை பழசாகிவிட்டது, ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 22ஆம் தேதியிலிருந்து நோட்டு, பென்சில், ரப்பர், கட்டர், கிரேயான் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி இல்லை. நோட்டுக்கு 12 சதவீதம் இருந்தது. வரி சேர்த்து 50 ரூபாய்க்கு விற்ற நோட்டில் ஐந்து ரூபாய்க்கு மேல் வரி மட்டும். ஜியோமெட்ரி பாக்ஸ் 12லிருந்து 5. ரெண்டாயிரத்து ஐநூறு ரூபாய் வரை உள்ள ஷூவுக்கும் 5தான்.

இரண்டாம் பருவத்து நோட்டை இனிமேல்தான் வாங்கப்போகிறேன். ஜூனிலேயே முழு செட் தலையில் கட்டிக்கொண்டவர்கள் வரியும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். எனக்கு இது முன்கூட்டித் தெரியாது, தெரிந்த மாதிரி பேசப் போவதும் இல்லை. பழைய விலை அச்சடித்த சரக்கு கடையில் கிடக்கும், பில்லில் வரி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அக்டோபர் 8

மகன் பள்ளியில் இரண்டாம் பருவத்துக்கும் அதே அறுபது ரூபாய். வரி போன கதையைச் சொன்னேன். "மேல கேட்டுச் சொல்லுதோம்" என்றார்கள். அம்மாமார்கள் மறுபடி கூடியிருக்கிறோம், வெள்ளிக்கிழமை போகிறோம்.

ஷூ ரெண்டாவது தடவை வாங்கப் போகிறேன், எப்படிப் பார்ப்பது என்று கேட்ட பாவூர்சத்திரம் அண்ணாச்சிக்கு: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போங்கள், நடந்து திரிந்த காலில்தான் சரியான அளவு தெரியும். பள்ளிக்கூட சாக்ஸைப் போட்டுக்கொண்டு நிற்கவைத்துப் பாருங்கள், உட்கார்ந்தபடி வேண்டாம். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் போதும். ரெண்டு வருஷம் ஓடட்டும் என்று அதற்கு மேல் விட்டால் குதிகால் உரசிக் கொப்புளம் வரும், அப்புறம் பிள்ளை செருப்போடுதான் பள்ளிக்கூடம் போகும்.